தரை தட்டிய கப்பலை மிதக்க விடுவது எப்படி? மேட்டூர் பரிசலிலிருந்து சூயஸ் கால்வாய் வரை

2021 மார்ச் கடைசி வாரம். சங்ககிரியில் ஒரு டீக்கடை. டிவியில் சூயஸ் கால்வாயைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல். பக்கத்து பெஞ்சில் இருந்த லாரி உரிமையாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க கப்பல்ல இருந்தவருதானுங்களே? நாலு பெரிய போட்டைக் கட்டி ஒரே இழுவையா இழுத்தா வந்துறாதுங்களா?"

"உங்க லோடு வண்டி ஆத்து மணல்ல அச்சு வரைக்கும் புதைஞ்சா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"லோடை எறக்குவோம். சக்கரத்துக்கு முன்னால மண்ணைப் பறிப்போம். அப்புறந்தானுங்க சங்கிலி." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சொன்ன வரிசையேதான் கப்பலுக்கும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் ஓட்டுபவர்களைப் பார்த்திருந்தால் இன்னும் எளிதாகப் புரியும். பரிசல் சேற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டால், ஓட்டுபவர் உடனே கழியை ஊன்றித் தள்ளமாட்டார். கழியை விட்டுப் பார்த்து எந்தப் பக்கம் ஆழம் என்று தெரிந்துகொள்வார். மேட்டுப் பக்கம் இருப்பவர்களை எழுப்பி ஆழமான பக்கம் உட்கார வைப்பார். பரிசலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திருகுவார். அதற்குப் பிறகுதான் ஒரு தள்ளு. அளப்பது, எடையை மாற்றுவது, திருகுவது, கடைசியாக இழுப்பது. 400 மீட்டர் கப்பலானாலும் இதற்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு என்பதைத் தவிர.

சேலம் பக்கத்திலிருந்து கப்பல் படிப்புக்குப் போகும் பிள்ளைகள் அவ்வப்போது இந்தக் கணக்கைத்தான் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், டீக்கடைக் கேள்விக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

கப்பல் தரை தட்டினால் எப்போதும் பெரிய சத்தம் வரும் என்று நினைக்க வேண்டாம். சேற்றில் ஏறும்போது வேகம் குறைவது மட்டும்தான் தெரியும். நான் இளம் அதிகாரியாக இருந்தபோது ஓர் ஆற்று முகத்துவாரத்தில் அப்படித்தான் உட்கார்ந்தோம். கரையில் தெரிந்த விளக்கு நகராமல் நிற்பதைப் பார்த்துத்தான் விஷயமே புரிந்தது.

அந்த நேரத்தில் கை தானாக "முழு வேகம் பின்னால்" என்ற உத்தரவுக்குப் போகும். அதைத்தான் அடக்க வேண்டும். இன்ஜினை நிறுத்துங்கள். காரணம் மூன்று. பின்னோக்கிச் சுழலும் புரொப்பல்லர் தண்ணீரை முன்பக்கமாகத் தள்ளும். அதோடு போகும் மணல் கப்பலின் வயிற்றடியில் போய்க் குவியும். நாமே நமக்கு மேடு கட்டிக்கொள்கிறோம். இரண்டாவது, இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் வாய் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அது சேற்றை உறிஞ்சினால் இன்ஜினும் போய்விடும், அதனால் உடனே மேல்பக்க வாய்க்கு மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: அடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஓட்டையோடு ஆழத்துக்குப் போன கப்பல் மூழ்கும். தரையில் உட்கார்ந்திருக்கும்வரை தரைதான் அதைத் தாங்குகிறது.

அபாய மணி, நீர் புகாக் கதவுகளை மூடுவது, அபாய அழைப்புக்கான விஎச்எஃப் ரேடியோ 16-வது சேனலில் தகவல், துறைமுகத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் கம்பெனிக்கும் செய்தி, எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். பகலில் மூன்று கறுப்புப் பந்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்ற வேண்டும். இரவில் நங்கூர விளக்கோடு இரண்டு சிவப்பு விளக்குகள். பார்க்கிற மற்ற கப்பல், இவன் தரை தட்டியிருக்கிறான் என்று விலகிப் போகும்.

கடல் கொந்தளிப்பாக இருந்தால் ஒரு வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கும். எடையைக் குறைக்காமல் கூட்ட வேண்டும். ஒவ்வொரு அலையும் கப்பலைக் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சம் கரைப்பக்கம் தள்ளும். சில மணி நேரத்தில் கப்பல் கரைக்கு இணையாகத் திரும்பிப் படுத்துவிடும். அதைத் தடுக்க, கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் ஏற்றும் பல்லாஸ்ட் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பித் தரையில் அழுத்தமாக உட்கார வைப்பார்கள். முடிந்தால் கடல் பக்கமாக நங்கூரத்தைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். இழுவைப் படகு வந்து சேரும்வரை மேலும் உள்ளே போகாமல் இருப்பதே வெற்றி.

அளக்காமல் கயிறு கட்டாதீர்கள்

முன்னும் பின்னும் நடுவிலும் கப்பல் பக்கத்தில் எழுதியிருக்கும் டிராஃப்ட் எண்களைப் படியுங்கள், கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று அவை சொல்லும். எந்த நேரத்தில் படித்தோம், அப்போது ஓதம் (கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது) ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் எழுத வேண்டும். எல்லாத் தொட்டிகளையும் குழாய்வழி அளந்து, தட்டுவதற்கு முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் அளவு கூடியிருந்தால் கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். குறைந்திருந்தால் எண்ணெய் வெளியே போகிறது.

பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிறோடு கப்பலைச் சுற்றி ஆழம் பார்க்க வேண்டும். எதிரொலிக் கருவி வந்த பிறகும் இந்தப் பழைய குண்டுக்கு மவுசு குறையவில்லை. அதன் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவிப் போட்டால் தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, கிளிஞ்சலா என்று கண்ணால் பார்க்கலாம். ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பில் தழும்பு மட்டும் விழுந்து வந்தால் பாறை. அடுத்த கணக்கு முழுவதும் இந்தப் பதிலில்தான் நிற்கிறது.

கணக்கு

மிதக்கும் கப்பலின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. தரை தட்டிய கப்பலில் ஒரு பங்கைத் தரை தாங்குகிறது. அந்தப் பங்கு எத்தனை டன்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நாலு படகா நாற்பது படகா என்று பேசுவதில் பொருளில்லை.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அட்டவணை உண்டு: 1 சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் ஏற்ற வேண்டும் என்று. நம் உதாரணக் கப்பலுக்கு அது 60 டன் என்று வைத்துக்கொள்வோம். தட்டுவதற்கு முன் முன்பக்க டிராஃப்ட் 11.50 மீட்டர், பின்பக்கம் 11.90, சராசரி 11.70. தட்டிய பிறகு, தாழ் ஓதத்தில், முன்பக்கம் 10.30, பின்பக்கம் 12.50, சராசரி 11.40. அதாவது கப்பல் சராசரியாக 30 சென்டிமீட்டர் தண்ணீரை விட்டு எழும்பியிருக்கிறது. 30 × 60 = 1,800 டன். இவ்வளவையும் தரை சுமக்கிறது. மூக்கு ஏறியிருக்கிறது, வால் தாழ்ந்திருக்கிறது, ஆகவே தட்டியிருப்பது முன்முனை.

இதை நகர்த்தத் தேவையான இழுவிசை, அந்த எடையை உராய்வு எண்ணால் பெருக்கினால் வரும். மீட்புப் பணியில் புழங்கும் எண்கள் இவை: சேறு 0.2 முதல் 0.3, மணல் 0.3 முதல் 0.4, பவளப்பாறை 0.5 முதல் 0.8, கல்பாறை 0.8 முதல் 1.5. நம் கப்பல் மணலில் என்றால் 1,800 × 0.4 = 720 டன். 60 டன் இழுவைத் திறனுள்ள படகுகள் 12 வேண்டும். இதே கப்பல் பாறையில் என்றால் 1,440 டன்னிலிருந்து 2,700 டன் வரை. அதற்கான படகுகளை ஒரே இடத்தில் சேர்ப்பதும் கஷ்டம், சேர்த்தாலும் கயிறு கட்டும் கட்டை கப்பலிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.

இப்போது படகு ஒன்றைக்கூடக் கூட்டாமல் என்ன செய்யலாம் என்று பாருங்கள். ஓதம் 40 சென்டிமீட்டர் ஏறுகிறது. கப்பல் முழு நீளத்துக்கும் தரையில் படுத்திருந்தால் 40 × 60 = 2,400 டன் குறையும், தானே மிதந்துவிடும். முன்முனை மட்டும் தட்டியிருந்தால் ஏற்றத்தின் பலன் பெரும்பகுதி வாலைத் தூக்குவதில் போய்விடும். மூக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால் பங்கு, 600 டன். மீதி 1,200. முன்பக்கத் தொட்டிகளிலிருந்து 500 டன் பல்லாஸ்ட் நீரை வெளியேற்றுகிறோம். மீதி ஏறக்குறைய 700. அதை 0.4 ஆல் பெருக்கினால் 280 டன். 12 படகு வேலையை இப்போது 5 படகு செய்யும்.

இதில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதே 500 டன்னைக் கப்பலின் நடுவிலிருந்து எடுத்திருந்தால் மூக்கில் குறைவது சுமார் 125 டன்தான். பின்முனையிலிருந்து எடுத்திருந்தால் மூக்கின் சுமை இன்னும் கூடியிருக்கும். எவ்வளவு இறக்கினோம் என்பதைவிட எங்கிருந்து இறக்கினோம் என்பது பெரிது. பரிசல்காரர் யாரை எழுப்பி எங்கே உட்கார வைக்கிறார் என்று கவனித்தால் இது புரியும்.

ஓதத்துக்குக் காத்திருப்பது

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி தலைகாட்டும், ஏறினால் மறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு மாதக்கணக்கு ஆகும். கடலில் அது பல இடங்களில் ஒரே நாளில் இருமுறை நடக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் தள்ளி, ஏற்றம் மிக அதிகமாக இருக்கும். சென்னைக் கடற்கரையில் அப்போதும் ஏற்ற இறக்க வித்தியாசம் சுமார் 1 மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை போகும். ஆகவே தரை தட்டிய இடத்தைப் பொறுத்து இந்த உதவி மாறும்.

தாழ் ஓதத்தில் தட்டியவன் அதிர்ஷ்டசாலி, ஆறு மணி நேரத்தில் கடலே தூக்கிவிடும். என்னுடைய ஆற்று முகத்துவாரக் கதை அப்படித்தான் முடிந்தது. பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் தட்டியவன் பாடு திண்டாட்டம். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் நங்கூரம் பிடிக்காமல் சென்னை பெசன்ட் நகர் கரையில் வந்து ஏறிய பிரதீபா காவேரியை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமி முடிந்து இரண்டே நாள், அதன் மேல் புயல் தள்ளிய தண்ணீர். கடல் தன்னால் முடிந்த உயரத்துக்கு அதைத் தூக்கி வைத்துவிட்டுப் பின்வாங்கியது. அந்தக் கப்பலை விட்டு உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அதனால்தான் உடனடி ஆபத்து இல்லாதவரை கப்பலை விட்டு இறங்காதே என்பது மாலுமிகளின் பாடம். நவம்பர் இரண்டாவது வாரத்தில், தீபாவளி அமாவாசையை ஒட்டித்தான் கப்பல் மீண்டது.

எவர் கிவன் மிதந்தது மார்ச் 29, பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். அதே கம்பெனியின் எவர் ஃபார்வர்டு 2022 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தட்டி, ஏப்ரல் 17 அன்று மிதந்தது. அது சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள். மீட்புக்காரர்களின் மேசையில் பஞ்சாங்கம் இல்லாவிட்டாலும் ஓத அட்டவணை கட்டாயம் இருக்கும். எல்லா ஏற்பாட்டையும் அந்த நாளுக்குள் முடித்துவைப்பதுதான் வேலையே.

எடையை இறக்குவது

முதலில் இறக்க வேண்டியது எரிஎண்ணெய். எடைக்காக மட்டும் இல்லை, நாளைக்குக் கப்பல் உடைந்தால் கடல் கெடாமல் இருக்க. 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் பவளத்திட்டில் ஏறிய வகாஷியோ, பன்னிரண்டு நாளுக்குப் பிறகுதான் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது, கப்பல் இரண்டாக உடைந்தது. தட்டிய முதல் சில நாட்கள் அமைதியாக இருப்பதை நம்பக்கூடாது.

அடுத்து பல்லாஸ்ட் நீர். எவர் கிவனில் சுமார் 9,000 டன் வெளியேற்றினார்கள். கடைசியாகச் சரக்கு. எண்ணெய்க் கப்பலில் பக்கத்தில் இன்னொரு கப்பலைக் கட்டிக் குழாய்வழி மாற்றலாம். 1989-ல் எக்ஸான் வால்டெஸ் அலாஸ்காவில் பாறையில் ஏறியபோது மீதமிருந்த கச்சா எண்ணெயின் பெரும்பகுதியை அப்படித்தான் எடுத்தார்கள். கன்டெய்னர் கப்பல்தான் தலைவலி. அடுக்கின் உச்சி வரை எட்டும் மிதக்கும் கிரேன் உலகிலேயே கொஞ்சம். எவர் ஃபார்வர்டில் சரக்கை இறக்காமல் இழுவைப் படகுகளால் இழுத்துப் பார்த்துத் தோற்ற பிறகு, சுமார் 500 கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அதன் பிறகே அசைந்தது.

எதை எடுத்தாலும் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, முதுகெலும்பு. எவர் கிவன் ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மாட்டிய நீள டிரெய்லர் போல, முன்முனை ஒரு கரையிலும் பின்முனை மறு கரையிலும் குத்தி நின்றது. நடுப்பகுதி தொங்கும் நிலையில் எடையைத் தவறாக மாற்றினால் உடல் முறியும். இரண்டாவது, சாய்வு. தரை கீழிருந்து தாங்குவது, கப்பலின் அடியிலிருந்து அவ்வளவு எடையை எடுத்துவிட்டதற்குச் சமம். ஓதம் வற்ற வற்ற அந்தத் தாங்கல் கூடி, நிலைத்தன்மை குறையும். நிமிர்ந்து நின்ற கப்பல் வற்றலின்போது ஒருபக்கமாகச் சாய்வது இதனால்தான்.

அடியில் பறிப்பது

மணலும் சேறும் என்றால் இது மிக நல்ல வழி. எவர் கிவனைச் சுற்றித் தூர்வாரும் கப்பல் சுமார் 30,000 கன மீட்டர் மணலை எடுத்தது. டிவியில் எல்லோரும் பார்த்துச் சிரித்த அந்தச் சின்ன மண்வாரி இயந்திரமும் வீண் வேலை செய்யவில்லை, மூக்குப் பக்கக் கரையை விடுவித்தது. தூர்வாரி கிடைக்காத இடத்தில் இழுவைப் படகைக் கப்பலோடு கட்டி, அதன் புரொப்பல்லர் ஓட்டத்தால் மணலை அரித்துவிடுவார்கள். ஒரே பக்கம் ஆழமாகப் பறித்தால் கப்பல் அந்தக் குழிக்குள் சரியும். கிணறு வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டை விழுந்திருந்தால்

உள்ளே வந்த தண்ணீரும் எடைதான். முடிந்தவரை வெளியிலிருந்து ஒட்டுப் போடுவது நல்லது, கடலின் அழுத்தமே அதை இறுக்கிப் பிடிக்கும். சிறிய கசிவுகளுக்கு உள்ளே பெட்டி கட்டி சிமென்ட் ஊற்றுவார்கள்.

பம்பு வைக்கும்போது நம் ஊர்க் கிணற்று அனுபவம் உதவும். மேலே வைத்த மோட்டார் 6, 7 மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சாது. அதனால்தான் கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்கினோம், பிறகு போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினோம். ஆழமான சரக்கு அறைக்கும் நீர்மூழ்கி பம்புதான்.

அடித்தகடு முழுவதும் கிழிந்திருந்தால் ஒட்டும் பம்பும் பயன்படாது. அப்போது காற்று. தொட்டியின் மேல் திறப்புகளை எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்து அழுத்தக் காற்றை விட்டால், தண்ணீர் வந்த ஓட்டை வழியாகவே வெளியேறும். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கியது போல. 10 மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் டெக் தகடு உப்பிக் கிழியும். எக்ஸான் வால்டெஸை இப்படிக் காற்றின் மேல் மிதக்கவிட்டுத்தான் பாறையிலிருந்து எடுத்தார்கள்.

இழுவை

இப்போதுதான் கயிறு. வந்த வழியே பின்னால் இழுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது, அந்தத் தடம் ஏற்கெனவே அரைபட்டிருக்கிறது. நேராக இழுத்து அசையவில்லை என்றால் வாலை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார்கள். நின்ற பொருளை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும், அசைந்துவிட்டால் உராய்வு குறையும். படகுகளோடு சேர்த்து, கடல் பக்கம் ஊன்றிய நங்கூரங்களிலிருந்து கப்பிகள் வழியே இறுக்கிய வடங்களையும் பயன்படுத்துவதுண்டு. படகு அலையில் ஆடும், நங்கூர வடம் பிடித்த பிடியை விடாது.

விசையை மெல்ல ஏற்ற வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் வடம் அறும். அறுந்த வடத்தின் முனை கண் இமைக்கும் நேரத்தில் திரும்பி வந்து காலை வெட்டும். இழுக்கும்போது வடத்தின் பாதையில் யாரும் நிற்கக்கூடாது. இந்த ஒரு விதியை லாரி மீட்கும் தம்பிகளும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

எவர் கிவனில் 29-ம் தேதி அதிகாலை பின்பக்கம் விடுபட்டது. மூக்கு மாலை 3 மணி வாக்கில். இடைப்பட்ட நேரத்தில் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தார்கள்.

வெளியே வந்த பிறகு

விடுபடும் கப்பல் சட்டென்று ஓடும். எதிரே பிடித்து நிறுத்தப் படகு இல்லையென்றால் மறுகரையில் முட்டும். உடனே எல்லாத் தொட்டிகளையும் மறுபடி அளக்க வேண்டும். பாறை அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை இப்போதுதான் திறந்திருக்கும். நீர்மூழ்குவோர் அடித்தகடு, சுக்கான், புரொப்பல்லர் மூன்றையும் பார்த்த பிறகுதான் பயணம்.

எல்லாக் கப்பலும் மிதக்காது. 2000-ல் கோவாவின் கண்டோலிம் கரையில் ஏறிய ரிவர் பிரின்சஸ் பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே துருப்பிடித்து, கடைசியில் வெட்டித்தான் எடுக்கப்பட்டது. முதல் வாரத்தில் முடியாத வேலைக்கு மணல் சேரச் சேர விலை ஏறும்.

காசு யார் கொடுப்பது?

மீட்பு ஒப்பந்தங்களில் பழையது லாயிட்ஸ் ஓபன் ஃபார்ம். அதன் தலைப்பிலேயே இருக்கிறது நிபந்தனை: மீட்காவிட்டால் கூலி இல்லை. மீட்டால், காப்பாற்றிய கப்பல் மற்றும் சரக்கின் மதிப்பையும் வேலையின் ஆபத்தையும் பார்த்து நடுவர் தொகை நிர்ணயிப்பார்.

சேலத்து வியாபாரிகளுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. எவர் கிவன் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். எல்லோருடைய சொத்தையும் காப்பாற்ற ஆன செலவை, கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்ற பழங்காலக் கடல் வழக்கம் அது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு இப்படி அறிவிக்கப்பட்ட ஒரு கப்பலில் போர்வையும் துண்டும் ஏற்றியவர், தன் கன்டெய்னர் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தாலும் பங்கு உண்டு. மரைன் பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதக் கையெழுத்துப் போடும். இல்லையென்றால் ரொக்க டெபாசிட் கட்ட வேண்டும், அதுவரை சரக்கை விடமாட்டார்கள்.

இதைச் சொன்னபோது சங்ககிரிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா அண்ணா, நம்ம வண்டி கவுந்து கிரேன் வெச்சு எடுத்தா, லோடுக்காரங்ககிட்டயும் பங்கு கேக்கலாங்களா?"

"அது கடலுக்கு மட்டுந்தானுங்க."

"அதானே பார்த்தேன்" என்று எழுந்து, இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.